இரு நதிக் கூடலில் ஓர் ஆயுதசாலை

ஆயுதசாலைகளின் சரித்திரம் – 9

சென்ற அத்தியாயத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் வரலாற்றைச் சொல்லி முடிக்கையில், 1794-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பேரில் அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசாங்கம் நிறுவிய மற்றோர் ஆயுதசாலையைப் பெயரளவில் குறிப்பிட்டு நிறுத்தினோம். வடக்கே ஸ்பிரிங்ஃபீல்டு நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வளர்ந்து ஒரு நகரத்தின் பெருமையாக நிலைபெற்றது. தெற்கே எழுந்த அதன் உடன்பிறப்போ அறுபது ஆண்டுகள் உழைத்து, ஒரே வருஷத்தில் இருமுறை தீக்கிரையாகி, பின்னர் தலையெடுக்கவே இல்லை. ஆயினும், உலகத்தின் தொழில் முறையையே மாற்றிய ஒரு வித்தை கைகூடிய இடங்களுள் முதன்மையானது அது என்பதாலும், ஒரு தேசத்தின் மனச்சாட்சியைக் குலுக்கிய சம்பவம் அதன் மதிலுக்கு உள்ளேயே நிகழ்ந்தது என்பதாலும், அதன் கதையைச் சற்று நிதானமாகவே சொல்வது இத்தொடரின் கடமையென்று கருதுகிறேன். அந்த ஊரின் பெயர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி.

மேற்கேயிருந்து வரும் பொடோமாக் நதியும், தெற்கேயிருந்து வரும் ஷெனண்டோவா நதியும் ஒன்று கலந்து, நீலத் தொடர் என்று பெயர் பெற்ற மலையைப் பிளந்துகொண்டு கிழக்கு நோக்கிப் பாய்கிற இடத்தில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் குறுகிய நிலத்தில் அமைந்தது அச்சிற்றூர். மூன்று புறமும் உயர்ந்த மலைகள். நடுவே வெள்ளம் வந்தால் முழுகிப்போகும் தாழ்ந்த கரை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த ராபர்ட் ஹார்ப்பர் என்ற கட்டிடக் கலைஞர் 1747-இல் இங்கே குடியேறி, மாவு அரைக்கும் ஆலை ஒன்றை வைத்து, 1761-இல் வர்ஜீனியா சட்டசபையின் அனுமதி பெற்று ஆற்றைக் கடக்க ஓடத்துறை ஏற்படுத்தினார். ஊரின் பெயர் அந்தத் துறையால் வந்ததே. 1783-இல் இவ்வழியே சென்ற தாமஸ் ஜெஃபர்ஸன், மேட்டிலிருந்த ஒரு பாறையில் நின்று இச்சங்கமத்தைக் கண்டு பரவசமடைந்து, வர்ஜீனியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அதனை மனமுருகி வர்ணித்திருக்கிறார். அப்பாறை இன்றும் அவர் பெயராலேயே வழங்கிவருகிறது.

ஜெஃபர்ஸன் இங்கே கண்டது அழகை. ஜார்ஜ் வாஷிங்டன் கண்டது சக்தியை. இளமையில் நில அளவைக்காரராக இப்பிரதேசத்தில் அலைந்தவர் அவர். பின்னர் பொடோமாக் நதியை மேற்குப் பிரதேசங்களுக்குச் செல்லும் நீர்வழியாக்க வேண்டுமென்ற நோக்கத்துடன் தோன்றிய கம்பெனிக்குத் தலைமை வகித்தவர். அந்த நதியின் எதிர்காலத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை ஏறக்குறைய பக்தி என்றே சொல்லத்தக்கது. தேசத்துக்குச் சொந்தமாக ஆயுதம் செய்யும் சாலைகள் வேண்டுமென்று காங்கிரஸ் தீர்மானித்து, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஜனாதிபதியாகிய அவரிடம் ஒப்படைத்தபோது, ஒன்றுக்கு ஸ்பிரிங்ஃபீல்டையும் மற்றொன்றுக்கு இந்த மலையிடுக்கையும் அவர் குறித்தார். இவ்விடத்தைப் பார்வையிட்டு வந்த ரோஷ்ஃபோன்டேன் என்ற பிரெஞ்சு எஞ்ஜினீயர் இது பொருத்தமற்றதென்று அறிக்கை கொடுத்தார். ஆனாலும் வாஷிங்டன் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆற்றின் வேகம் இயந்திரங்களை ஓட்டப் போதுமானது, மலைகளில் கரிக்கு வேண்டிய மரம் உண்டு, அண்டையில் இரும்பு கிடைக்கிறது, கடற்படை எதுவும் நெருங்க முடியாத உள்நாடு, புதிதாக எழுந்துவரும் தலைநகரமோ அறுபது மைல் தூரத்திலேயே இருக்கிறது என்பன அவர் பக்கத்து நியாயங்கள். நியாயங்கள் யாவும் உண்மையே. வெள்ளத்தைப் பற்றி எஞ்ஜினீயர் கொண்ட அச்சமும் உண்மையென்பதைப் பிற்காலம் பலமுறை காட்டிற்று.

1796-இல் ஹார்ப்பரின் வாரிசுகளிடமிருந்து ஏறத்தாழ 125 ஏக்கர் நிலத்தை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. ஆனால் ஓடத்துறையையும் அதையடுத்த ஆறு ஏக்கர் மனையையும் அவ்வாரிசுகளாகிய வேஜர் குடும்பத்தார் தமக்கென்று நிறுத்திக்கொண்டதால், கடைகளும் சத்திரங்களும் வாணிபமும் வெகுகாலம் அந்தச் சிறு நிலத்துக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு, ஊரின் லாபம் சில குடும்பங்களின் கையில் தங்கிவிட்டது. நிர்மாண வேலை 1799-இல் ஆரம்பமாயிற்று. பொடோமாக்கின் குறுக்கே ஊருக்கு மேற்புறத்தில் அணை கட்டி, அங்கிருந்து கரையோரமாக வாய்க்கால் வெட்டி, அவ்வாய்க்கால் தண்ணீரைப் பட்டறைகளின் கீழே விழச் செய்து, விழும் வேகத்தில் மரச் சக்கரங்களைச் சுழற்றி, அச்சுழற்சியால் சம்மட்டிகளும் சாணைக்கற்களும் குழல் துளைக்கும் கருவிகளும் ஓடும்படி அமைத்தார்கள். துப்பாக்கி செய்யும் பட்டறைகள் ஆற்றங்கரையில் இருந்தன. செய்து முடித்த துப்பாக்கிகளை அடுக்கிவைக்கும் கிடங்குகள் இரண்டு, செங்கல்லால் கட்டப்பட்டு, மதிலுக்கு வெளியே தெருவுக்கு எதிர்ப்புறத்தில் நின்றன. முதல் மேற்பார்வையாளராக வந்தவர் ஜோசப் பெர்கின் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்மியர். 1801 முதல் இங்கே துப்பாக்கிகள் உருவாகத் தொடங்கின.

அவ்வாண்டுகளில் வந்த விருந்தினருள் ஒருவரை மட்டும் சொல்லாமல் செல்ல இயலாது. பசிபிக் சமுத்திரம் வரை சென்று திரும்பும் நீண்ட பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த மெரிவெதர் லூயிஸ், 1803 மார்ச்சில் இங்கே வந்து, தம் கூட்டத்தாருக்கு வேண்டிய 15 ரைஃபிள்களையும் கோடரிகளையும் பெற்றுக்கொண்டார். பிரித்து எடுத்துச் சென்று வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளக்கூடிய இரும்புச் சட்டத்தாலான படகு ஒன்றையும் தாமே அருகிலிருந்து செய்வித்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் மிஸௌரி நதியின் பெரிய அருவிகளைக் கடந்து அப்படகைப் பூட்டித் தோல் போர்த்தியபோது, தையல்களை அடைக்கத் தேவதாரு மரத்தின் கீல் கிடைக்காமையால் அது நீர் கசிந்து பயனற்றுப் போயிற்று. துப்பாக்கிகள் மட்டும் கடைசிவரை கைகொடுத்தன.

ஆரம்ப காலத்து ஆயுதசாலையைத் தொழிற்சாலை என்று சொல்வதைவிடக் கம்மியர் சேரி என்று சொல்வதே பொருத்தம். துப்பாக்கியின் குழலையும், குதிரையையும், விசையையும், கட்டையையும் தனித்தனிக் கம்மியர்கள் தத்தம் கைப்பழக்கத்தாலும் கண்ணளவாலும் அரத்தால் ராவி ராவிப் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கிக்கென்று செய்த திருகாணி மற்றொரு துப்பாக்கியில் ஏறாது. போர்க்களத்தில் ஒரு சிறு வில் முறிந்துபோனால், கம்மியன் ஒருவன் உட்கார்ந்து அந்தத் துப்பாக்கிக்கென்றே வேறொன்று அடித்துக் கொடுத்தாலொழிய அது வெறும் தடியே. செய்த உருப்படிகளின் எண்ணிக்கைப்படி கூலி பெற்ற அவர்கள், விரும்பிய வேளையில் வந்து, விரும்பிய வேளையில் போனார்கள். அறுவடைக் காலத்தில் தம் நிலத்துக்குச் சென்றார்கள். கோடையில் ஆற்றங்கரைக் காய்ச்சல் வந்தால் பட்டறைகளே வெறிச்சோடின. கட்டிடங்களும் இந்த மனப்போக்குக்கு ஏற்றபடியே எழுந்தன. தேவை வந்தபோதெல்லாம் கல்லாலோ செங்கல்லாலோ ஒரு கொட்டகை சேர்ப்பது, அதன் பக்கத்தில் வேறு உயரத்தில் மற்றொன்று எழுப்புவது, முன் யோசனையின்றிக் கூரையோடு கூரையை இணைப்பது என்ற முறையில் நாற்பதாண்டு வளர்ந்த அச்சாலையில், ஒரு பட்டறையில் தொடங்கிய குழல் முடிவடைவதற்குள் முன்னும் பின்னுமாகப் பலமுறை தூக்கிச் செல்லப்பட வேண்டியிருந்தது.

1807 முதல் 1829 வரை மேற்பார்வையாளராயிருந்த ஜேம்ஸ் ஸ்டப்பிள்ஃபீல்டின் ஆட்சியில் உறவும் தயவும் செலாவணியாயின. அவருக்குப்பின் ஒழுங்கை நிலைநாட்ட வந்த தாமஸ் டன்னை, வேலை இழந்த எபினேசர் காக்ஸ் என்ற தொழிலாளி 1830 ஜனவரியில் அவர் காரியாலயத்திலேயே சுட்டுக் கொன்றான். காக்ஸ் அவ்வருஷமே தூக்கிலிடப்பட்டான். ஆனால் அவன் பெயர், கண்டிப்பான மேலதிகாரிகளை அச்சுறுத்தும் சொல்லாக வெகுகாலம் பட்டறைகளில் உலவியது.

இத்தகைய ஓரிடத்தில், இதன் சுபாவத்துக்கு முற்றிலும் மாறான ஒரு கனவோடு வந்து சேர்ந்தவர் ஜான் ஹால். மேய்ன் பிரதேசத்துப் போர்ட்லந்தில் படகு கட்டும் தொழில் செய்தவர். குழலின் வாயில் மருந்தும் குண்டும் இடித்து நிரப்புவதற்குப் பதிலாக, பின்புறத்துத் துண்டைத் தூக்கி அங்கேயே நிரப்பிச் சுடும் துப்பாக்கிக்கு 1811-இல் உரிமைப் பத்திரம் பெற்றவர். இராணுவம் 1819-இல் அவருடன் ஒப்பந்தம் செய்து, ஷெனண்டோவா நதியின் கரையில், பெரிய சாலையிலிருந்து விலகியிருந்த ஒரு சிறு தீவில் இடம் கொடுத்தது. அவருடைய துப்பாக்கியில் மருந்து வெடிக்கும்போது இணைப்பின் வழியே புகை பின்னோக்கிக் கசியும் குறை இருந்தது. ஆயுதம் என்ற முறையில் அதன் புகழ் நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் அதைச் செய்ய அவர் கண்ட முறைதான் நம் வியப்புக்கு உரியது. ஆயிரம் துப்பாக்கிகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் குவித்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினாலும் ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதே அவர் தமக்கு விதித்துக்கொண்ட விரதம்.

அவ்விரதத்தை நிறைவேற்ற அவர் இரண்டு உபாயங்களைக் கைக்கொண்டார். கைக்குப் பதிலாக இயந்திரம் வெட்ட வேண்டும் என்பது ஒன்று. கண்ணுக்குப் பதிலாக எஃகு அளக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒவ்வோர் உறுப்புக்கும் கடினமான எஃகில் அளவு மாதிரிகளைச் செய்து, வேலையின் ஒவ்வொரு படியிலும் அம்மாதிரிக்குள் நுழைகிறதா என்று சோதிக்கச் செய்தார். ஓர் உறுப்பைப் பல இயந்திரங்களில் மாறிமாறிப் பிணைக்கும்போது, எல்லாப் பிணைப்புகளும் அவ்வுறுப்பின் ஒரே ஒரு புள்ளியை ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்ற விதியையும் வகுத்தார். ஏனெனில் ஒரு முறை ஒரு முனையையும் அடுத்த முறை வேறு முனையையும் ஆதாரமாகக் கொண்டால், மயிரளவுப் பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுதியில் உறுப்பு கோணலாகிவிடும். இவ்விதி எளிமையாகத் தோன்றினாலும், கம்மியர் உலகம் அதுவரை அறியாதது. ஸ்டப்பிள்ஃபீல்டின் பகைமையையும், இவ்வளவு பணம் ஏன் என்று கேட்ட காங்கிரஸ் அங்கத்தினரின் சந்தேகத்தையும் சகித்துக்கொண்டு அவர் ஆண்டுகள் பல உழைத்தார். 1826-இல் நியமிக்கப்பட்ட பரிசோதனைக் குழுவினர் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டிப் பார்த்து, அவை யாவும் பொருந்துவதைக் கண்டு, இதற்கு ஒப்பான வேலையைத் தாங்கள் எங்கும் கண்டதில்லை என்ற கருத்தில் அறிக்கை எழுதினர். 1834 வாக்கில், பல நூறு மைலுக்கு அப்பால் கனெக்டிகட்டில் சிமியன் நார்த் தம் பட்டறையில் செய்த உறுப்புகளும் இங்கே செய்த துப்பாக்கிகளில் பொருந்தின. தையல் இயந்திரமும் சைக்கிளும் மோட்டார் வண்டியும் பின்னால் எந்த முறையால் பெருகினவோ, அந்த முறையின் வித்துக்கள் விழுந்த நிலங்களுள் ஷெனண்டோவாவின் அச்சிறு தீவும் ஒன்று. 1841-இல் ஹால் காலமானார். அவருடைய பெயரைப் பள்ளிச் சிறுவர் அறியாமலிருப்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

ஹால் மறைந்த அதே வருஷத்தில், இராணுவத் தளவாட இலாகாவின் அதிகாரிகள் ஆயுதசாலையைத் தம் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டனர். மேஜர் கிரெய்க் பட்டறைகளுக்குக் கடிகாரத்தையும் வேலை நேரத்தையும் விதித்தார். உருப்படிக் கூலி பெறும் சுதந்திர மனிதர்களை மணியடித்து வேலை வாங்குவது அடிமைத்தனம் என்று முறையிட்ட கம்மியர்கள், 1842-இல் வேலையை நிறுத்திவிட்டு, எதிர்க்கரையில் ஓடிய கால்வாயில் ஒரு படகை அமர்த்திக்கொண்டு தலைநகரம் சென்று, ஜனாதிபதி டைலரையே நேரில் கண்டனர். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, வேலைக்குத் திரும்பும்படி சொல்லி அனுப்பினார், திரும்பினார்கள். கையாலே உலகத்தை அளந்த ஒரு தலைமுறை, தன்னை அளக்க வந்த கடிகாரத்தைக் கண்டு கொண்ட வேதனையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் பொருந்தும் உறுப்புகளுக்கு ஒழுங்கான நேரம் வேண்டும் என்ற அதிகாரிகளின் வாதத்திலும் நியாயம் இருந்தது.

இனிக் கட்டிடங்களுக்கு வருவோம். 1844-இல் பொறுப்பேற்ற மேஜர் ஜான் ஸிமிங்டன், பழைய கொட்டகைகளின் குழப்பத்தைக் களைந்து ஆயுதசாலை முழுவதையும் ஒரே திட்டத்தின்கீழ் புதுக்கினார். அவருக்குப்பின் வந்த மேஜர் ஹியூகர் அவ்வேலையைத் தொடர்ந்தார். ஒரு புறம் ஆறும், மறு புறம் வாய்க்காலும், அதையடுத்து மலைச்சரிவும் நெருக்கிய ஒடுக்கமான மேடை அது. ஆகவே கட்டிடங்களை நீளவாக்கில் இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவே ஓர் அகன்ற தெருவை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிர்ப்பந்தத்தையே ஸிமிங்டன் அழகாக்கினார். ஆற்று வெள்ளத்தைத் தாங்கும்படி கல்லால் அடித்தளம். அதன்மேல் செங்கற் சுவர். உள்ளே வார்ப்பிரும்பாலான தாங்கு சட்டங்கள். கூரைக்கு மரப்பலகைக்குப் பதிலாகத் தீப்பற்றாத பொருள்கள். உலையும் கரியும் எண்ணெயும் நாள்தோறும் புழங்கும் இடத்தில் தீயே முதற் பகைவன் என்பதை இக்கட்டிடங்களின் ஒவ்வோர் அங்கமும் நினைவில் வைத்திருந்தது. சுவர்களில் வரிசையாக உயர்ந்த ஜன்னல்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில், மயிரளவு வேலைக்கு வேண்டிய வெளிச்சம் அவற்றின் வழியாகவே வந்தது. கொல்லுலைச் சாலை, குழல் துளைக்கும் சாலை, கட்டை கடையும் சாலை, மெருகிடும் சாலை என்று இருபதுக்கும் மேற்பட்ட கட்டிடங்கள், வேலையின் வரிசையை ஒட்டி நின்றன. ஓர் இரும்புத் துண்டு முன்போல் அங்குமிங்கும் அலையாமல் முன்னோக்கியே நடக்கத் தொடங்கியது.

ஆற்றோரம் எழுப்பிய கல்மதிலின்மேல் பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதை சென்றது. 1830-களின் நடுவில் எதிர்க்கரைக்கு வந்த அப்பாதை, பாலத்தின் வழியே ஊருக்குள் நுழைந்து, ஆயுதசாலையை உரசியபடி மேற்கே போயிற்று. மேட்டில், 1790-களின் இறுதியில் சேனை ஒன்று கூடாரமடித்திருந்ததால் பாசறைக் குன்று என்ற பொருள்படும் பெயர் பெற்ற இடத்தில், மேற்பார்வையாளருக்கும் சம்பளப் பட்டுவாடா அதிகாரிக்கும் அவர்களுடைய குமாஸ்தாக்களுக்கும் விசாலமான செங்கல் வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளை வாசகர்கள் மறவாமலிருக்க வேண்டுகிறேன்.

பெரிய வாயிலுக்குள் நுழைந்ததும் இடப்புறத்தில், 1848-இல் கட்டிய சிறு கட்டிடம் ஒன்று இருந்தது. முப்பத்தைந்தரை அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்ட ஒரே தளம்; செங்கற் சுவர்; கற்பலகைக் கூரை; செம்பாலான நீர்த்தாரைகள். முகப்பில் வளைந்த மேற்பகுதியோடு கூடிய அகன்ற கதவுகள் மூன்று. கூரையின் நடுவில் மணி தொங்கிய சிறு கூண்டு. உள்ளே ஒரு பகுதி காவற்காரர் தங்குமிடம். மற்றப் பகுதி தீயணைக்கும் எஞ்சின்கள் நிற்குமிடம். இரண்டுக்கும் நடுவே வழியில்லாத சுவர். பெரிய பட்டறைகளின் பெருமிதத்துக்கு முன்னால் எவர் கண்ணையும் கவராத கட்டிடம் அது. கட்டிய பதினொன்றாம் வருஷத்தில் அமெரிக்கா முழுவதும் அதன் பெயரைச் சொல்லிற்று.

1859 அக்டோபர் 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, அடிமை முறையை வாளால் ஒழிக்க வேண்டுமென்று துணிந்த ஜான் பிரௌன், மேரிலந்துக் கரையில் வாடகைக்கு எடுத்திருந்த பண்ணை வீட்டிலிருந்து 18 தோழர்களோடு பாலத்தைக் கடந்து வந்து, ஆயுதசாலையையும் கிடங்குகளையும் ஹாலின் ரைஃபிள் சாலையையும் கைப்பற்றினார். கிடங்குகளிலிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் ஆயுதங்களை அடிமைகளின் கையில் கொடுத்து, மலைத்தொடர் வழியே தெற்கே விடுதலைப் போரை நடத்துவது அவர் எண்ணம். அவ்விரவில் முதலில் மாண்டவர் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய ஹேவர்டு ஷெப்பர்டு. எவருடைய விடுதலைக்காக அந்தப் படை வந்ததோ அந்த இனத்தைச் சேர்ந்த சுதந்திரமான கறுப்பர் அவர். மறுநாள் பிரௌனின் கூட்டத்தில் முதலில் வீழ்ந்தவர் டேஞ்சர்ஃபீல்டு நியூபி. அவருடைய மனைவியும் மக்களும் வர்ஜீனியாவில் இன்னும் அடிமைகளாயிருந்தனர், அவர்களை மீட்கவே அவர் வந்திருந்தார். இவ்விருவரின் சாவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது உண்டாகும் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல என்னால் இயலவில்லை.

அடிமைகள் திரண்டு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை; ஊராரும் சுற்றுப்புறத்துச் சேனைகளும் பாலங்களை அடைத்துவிட்டனர். எஞ்சிய தோழரையும் பிணையாகப் பிடித்தவர்களில் சிலரையும் அழைத்துக்கொண்டு பிரௌன் ஒதுங்கிய இடம் அந்த எஞ்சின் கொட்டகையே. சுவரில் துளையிட்டுச் சுட்டனர். கதவுகளைக் கயிற்றால் பிணைத்து, எஞ்சின்களை அவற்றின்மேல் சாய்த்து நிறுத்தினர். 18-ஆம் தேதி காலை, கர்னல் ராபர்ட் லீயின் கட்டளைப்படி லெப்டினன்ட் ஸ்டூவர்ட் சரணடையச் சொல்லி மறுக்கப்பட்டபின், லெப்டினன்ட் இஸ்ரேல் கிரீனின் கடற்படை வீரர்கள் பெரிய சம்மட்டிகளால் கதவைத் தாக்கினார்கள். கதவு அசையவில்லை. அங்கே கிடந்த கனத்த ஏணி ஒன்றைப் பலர் சேர்ந்து தூக்கி மோதியபோதுதான் அடிப்பகுதியில் பிளவு கண்டது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்தது. பிரௌனின் புதல்வர் இருவர் அச்சண்டையில் உயிரிழந்தனர். காயமுற்றுப் பிடிபட்ட அவர் சார்ல்ஸ் டவுனில் விசாரிக்கப்பட்டு, டிசம்பர் 2-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அவ்விடத்தில் மாணவப் படையோடு காவல் நின்ற தாமஸ் ஜாக்ஸன், அடுத்த மூன்றாண்டுகளுக்குள், வடவருக்கும் தென்னவருக்கும் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில், தென்னவர் தளபதியாக இதே ஊரைச் சூழ்ந்து 12,500-க்கும் மேற்பட்ட வடவர் சேனையைச் சரணடையச் செய்யப்போகிறவர்.

வர்ஜீனியா 1861 ஏப்ரல் 17-இல் ஐக்கிய நாட்டிலிருந்து பிரிவதென்று முடிவு செய்தது. மறுநாள் இரவு, சுமார் ஐம்பது வீரர்களோடு ஆயுதசாலையைக் காத்துநின்ற லெப்டினன்ட் ரோஜர் ஜோன்ஸ், பெருஞ்சேனை நெருங்குவதை அறிந்து, கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் தீ மூட்டிவிட்டுப் பாலத்தைக் கடந்து சென்றார். கிடங்குகள் இரண்டும் ஏறத்தாழ 15,000 ஆயுதங்களோடு எரிந்து வீழ்ந்தன. பட்டறைகளின் தீயை மட்டும் ஊரார் ஓடிவந்து அணைத்தார்கள். அவர்களுள் எந்தக் கட்சியை ஆதரித்தவர் எத்தனை பேர் என்பது அந்த நேரத்தில் பொருட்டாகவில்லை, சோறு போட்ட இயந்திரங்கள் எரிவதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர்கள் காப்பாற்றிய இயந்திரங்களைத் தென்னவர் கழற்றி ரயிலேற்றினர். ஜூன் 14-இல் ஊரைவிட்டுப் போகையில் வெறுங்கூடுகளாக நின்ற பெரும் பட்டறைகளையும் ரயில் பாலத்தையும் அழித்துச் சென்றனர். 1801 முதல் அதுவரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்த சாலையின் ஆயுள் அத்துடன் முடிந்தது. யுத்தத்துக்குப் பின் அரசாங்கம் அதைப் புதுப்பிக்கவில்லை. நிலத்தை ஏலத்தில் விற்றது. ஆற்று வெள்ளங்கள் எஞ்சியதை அரித்தன.

ஆனால் மேட்டிலிருந்த அதிகாரிகளின் வீடுகளைத் தீ தொடவில்லை. சம்பள அதிகாரியின் இல்லமாயிருந்து பின்னர் லாக்வுட் மாளிகை என்று பெயர் பெற்ற கட்டிடத்தில், குண்டுகளால் சிதைந்த அறைகளுக்குள், விடுதலை பெற்ற அடிமைகளின் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளி 1865-இல் தொடங்கியது. இரண்டாண்டில் அது ஸ்டோரர் கல்லூரியாக மலர்ந்தது. பிறகு அரசாங்கமே குன்றின்மேலிருந்த நான்கு வீடுகளை அக்கல்லூரிக்கு அளித்தது. 1881-இல் ஃபிரெடரிக் டக்ளஸ் அங்கே வந்து ஜான் பிரௌனைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஆயுதம் செய்தவர்களின் மேலதிகாரிகள் வாழ்வதற்கென்று கட்டிய சுவர்கள், இவ்வாறு தொண்ணூறு ஆண்டுகள், 1955-இல் அக்கல்லூரி மூடப்படும்வரை, கல்விக்கு நிழல் தந்தன. இந்த ஆயுதசாலையின் கட்டிடங்களுள் மிகுந்த பயன் தந்தவை எவை என்று என்னைக் கேட்டால், இவற்றையே சுட்டுவேன்.

எஞ்சின் கொட்டகையின் விதியோ வேறு. எல்லாம் எரிந்தபோதும் அது நின்றது. அதன் மணியை மட்டும் 1861-இல் மாசசூசெட்ஸ் வீரர்கள் கழற்றினர். அது இன்று அவர்கள் ஊராகிய மார்ல்பரோவில் இருக்கிறது. 1891-இல் வியாபாரிகள் கட்டிடத்தையே செங்கல் செங்கலாகப் பிரித்து, உலகக் கண்காட்சியை முன்னிட்டுச் சிகாகோவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். பத்து நாட்களில் 11 பேரே பார்க்க வந்தமையால், மறுபடி பிரித்து ஒரு காலி மனையில் குவித்துவிட்டனர். கேட் ஃபீல்டு என்ற பத்திரிகையாசிரியை ஊர் ஊராகப் பணம் திரட்டி, ரயில் கம்பெனி கூலியின்றிச் சுமந்துவர, 1895-இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு அருகில் ஒரு பண்ணை நிலத்தில் அதனை மீண்டும் எழுப்பச் செய்தார். 1906 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் சம உரிமைக்காக டூ போய்ஸ் தலைமையில் கூடிய நயாகரா இயக்கத்தார், காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து சென்று அதை வலம் வந்தார்கள். கோயிலுக்குச் செல்வோர் பாதரட்சைகளை வாயிலில் விட்டுச் செல்லும் வழக்கமுள்ள நமக்கு, அந்நடையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1909-இல் ஸ்டோரர் கல்லூரி அதனை விலைக்கு வாங்கித் தன் வளாகத்துக்குக் கொண்டுசென்றது. 1968-இல் தேசியப் பூங்கா இலாகா அதைக் கீழே இறக்கி, பழைய இடத்திலிருந்து 150 அடி தூரத்துக்குள் வைத்தது. பழைய இடத்தை ரயில்பாதையின் கரைமேடு 1894-இலேயே மூடிவிட்டது. அங்கே ஒரு கல்தூண் மட்டும் நிற்கிறது. பிரித்துப் பூட்டிய அலைச்சலில் கட்டிடம் இடம் வலமாக மாறி, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் ஆகிவிட்டது என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். ஆயுதசாலை முற்றத்தில் இன்று தரைக்கு மேலே வேறு கட்டிடம் எதுவுமில்லை. அகழ்ந்து பார்த்தவர்கள் மண்ணுக்கடியில் அஸ்திவாரங்களையும், சக்கரங்களைச் சுழற்றிய நீர் வெளியேறிய கால்வாய்களையும் கண்டிருக்கிறார்கள்.

தென்னவர் கழற்றிச் சென்ற இயந்திரங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். மஸ்கட் செய்யும் இயந்திரங்கள் வர்ஜீனியாவின் ரிச்மண்டுக்கும், ரைஃபிள் செய்பவை வட கரோலினாவின் ஃபேயெட்வில்லுக்கும் போயின. ஹார்ப்பர்ஸ் ஃபெரியின் கம்மியர்களில் சிலர் மனைவி மக்களோடு அவற்றைப் பின்தொடர்ந்து சென்றனர். அவ்விரண்டு ஊர்களிலும் அவை யுத்தம் முழுவதும் ஓடிய வரலாறும், 1865 மார்ச்சில் வடவர் தளபதி ஷெர்மனின் சேனை ஃபேயெட்வில்லுக்கு வந்து செய்த காரியமும் அடுத்த அத்தியாயத்துக்கு உரியவை.

(தொடரும்)